கப்பரை ஈன்ற மரம்

(பிச்சாடனத் திருநாட் சொற்பொழிவு)



திருவிழாவின் மற்றை நாட்களில் எல்லாம் எம்பெருமான் விடை மீதும் யானை மீதும் திருத்தேர் மீதும் எழுந்தருளுகின்றான். இன்று மட்டும் பாதுகை அணிந்து நடந்து வருகின்றான். வலக்கரம் ஒன்று மானுக்குப் புல் ஊட்டுகின்றது. இடக்கரம் ஒன்று ஓடு ஏந்துகின்றது. பக்கத்தே குறுகிய பூதம் ஒன்று தலைமேற் பாத்திரம் தாங்கி உடன் நடக்கின்றது. உலகனைத்தும் உடையவன் ஓர் ஓடேந்தி நம் வீதியில் ஐயம் ஏற்க வருகின்றான். இக்கோலத்திற்குப் பிச்சாடனத் திருக்கோலம் என்று பெயர்.

தாருகாவனத்து முனிவர்களின் செருக்கை அடக்கிய வரலாறும், பிரமனது ஐந்தாந்தலையைக் கொய்த திருக்கண்டியூர் வரலாறும் நீங்கள் பலகாற் கேட்டவை. ஆகவே அவற்றை இன்று விரித்துரைக்கப் புகவில்லை. இறைவன் திருக்கரத்திலுள்ள அந்த ஓட்டையே இன்று நம் சிந்தனைக்குப் பொருளாக எடுத்துக்கொள்வோம். அவன் ஏந்தியது பிரம கபாலம். அவன் அடியார்கள் ஏந்தியதோ மண்ணிலும் மரத்திலும் கிடைத்த ஓடு. அவ்வோடுகளில் ஒன்றைத் தந்த மரம் எது, அது எங்கே நிற்கின்றது, எத்தன்மையது என்பதை ஆராய்ந்தால் இத்திருநாளின் பொருள் மேலும் விளங்கும் என்று எண்ணுகின்றோம்.

மூவகை ஓடு

துறவியர் கையில் நாம் காணும் ஓடுகள் மூவகை. முதலாவது குயவர் வனைந்து சுட்ட மண்ணோடு. தில்லையிலே திருநீலகண்ட நாயனார் அடியார்களுக்கு அளித்து வந்தது இதுவே. இரண்டாவது, திருவோட்டு மரத்தின் காயைக் குடைந்தெடுத்த ஓடு. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் ஒட்டினாற்போலக் காய்க்கும் அம்மரத்தின் தாயகம் அமெரிக்காவின் வெப்பநாடுகள். கொலம்பசு 1492இல் கடல் கடந்து அமெரிக்கா அடைந்த பின்னரே அது ஏனைய நாடுகளுக்குப் பரவிற்று. எனவே நாயன்மார் காலத்து அடியார் கையில் அவ்வோடு இருந்திருக்க இயலாது.

மூன்றாவதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது. கருநிறமாய், வழவழப்பாய், சிறு படகு போன்ற வடிவினதாய்ச் சில துறவியர் தோளிலிருந்து சங்கிலியால் தொங்கும் கப்பரை அது. மடங்களிலே முன்னோர் பயன்படுத்திய பொருளாக அதனைப் போற்றி வைத்திருப்பர். கடற்றேங்காய் என்றும் இரட்டைத் தேங்காய் என்றும் அதனை வழங்குவர். நிலைநூலார் அதற்கு இட்ட பெயர் லொடோயிசியா மால்டிவிகா என்பது.

கடற்றேங்காய் என்னும் பெயர் எவ்வாறு வந்தது? பல நூற்றாண்டுகளாக இந்த ஓடு கடலிலேதான் கிடைத்து வந்தது. மாலத்தீவுக் கரையில் ஒதுங்கியது. இந்தியக் கரைகளிலும் இலங்கைக் கரையிலும் எப்போதோ ஒன்று ஒதுங்கியது. மரத்தைக் கண்டவர் ஒருவருமில்லை. ஆதலால் கடலுக்கு அடியிலே ஒரு மரம் நிற்கின்றது, அதன் காய் முற்றினால் மேலே மிதந்து வருகின்றது என்று மக்கள் நம்பினார்கள். தென்கடலின் நடுவே அம்மரம் நிற்பதாகவும், பேருருவப் பறவை ஒன்று அதில் வாழ்வதாகவும் சாவக நாட்டு மாலுமிகள் கதை கூறினர். மாலத்தீவில் கரையொதுங்கிய காய் அரசனுக்கே உரியது. கண்டெடுத்தவன் மறைத்தால் கடுந்தண்டனை. நஞ்சை முறிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று ஐரோப்பிய மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். இரண்டாம் ருடோல்பு என்னும் பேரரசனுக்காக 1602இல் வெள்ளியும் பொன்முலாமும் பூட்டிச் செய்த கடற்றேங்காய்க் கெண்டி ஒன்று இன்றும் வியன்னா நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதுக. அதே ஓடு அரசன் கையில் அகப்பட்டபோது வெள்ளி பூண்டது. துறவி கையில் அகப்பட்டபோது பழஞ்சோறு ஏற்றது. பொருள் ஒன்றே. பற்றியவர் உள்ளம் வேறு.

மரம் நிற்கும் தீவு

மரத்தின் மறைவு 1768இல் வெளியாயிற்று. மாரியோன் துப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அனுப்பிய குழுவிலே இருந்த பாரே என்னும் நில அளவையாளர், இந்துமாக்கடலிலே சீசெல்சுத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பிரலின் தீவில் அம்மரத்தைக் கண்டார். கடலுக்கு அடியிலே அன்று. கருங்கல் மலைச்சரிவிலே, மற்ற மரங்களைப் போல மண்ணிலேதான் அது நின்றது.

சீசெல்சு ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே அமைந்தது. 1976இல் விடுதலை பெற்ற நாடு. நம் தமிழ் மக்கள் வணிகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அங்குச் சென்று வாழ்கின்றார்கள். அதன் தலைநகராகிய விக்டோரியாவில் 1992இல் அருள்மிகு நவசக்தி விநாயகர் திருக்கோயில் எழுந்தது. தைப்பூசத்தன்று அந்நகர வீதியிலே காவடி ஆடுகின்றது. ஆகவே அது நமக்கு முற்றும் அயல்நிலம் அன்று.

அந்நாட்டுத் தீவுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பிரலின், கியூரியூசு என்னும் இரண்டில் மாத்திரமே இம்மரம் தானே வளர்கின்றது. உலகில் வேறெங்கும் இல்லை. அருகிலுள்ள மூன்று சிறு தீவுகளில் முன்னர் நின்று அழிந்துபோயிற்று. இயற்கையாய் நிற்கும் முதிர்ந்த மரங்கள் சில ஆயிரங்களே. பிரலின் தீவின் நடுவே மே பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. பரப்பு 19.5 எக்டேர், நம் கணக்கில் ஐம்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அச்சிறு காட்டினை 1983இல் உலக மரபுச் செல்வமாக யுனெசுகோ அறிவித்தது. 1881இல் அதனைக் கண்ட கார்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், தம் சமயநூல் கூறும் ஆதித் தோட்டம் இதுவே என்று எழுதிவிட்டார். அத்துணை வியப்பைத் தந்தது அவ்விடம்.

மரத்தின் இயல்பு

இனி அம்மரத்தின் உறுப்புக்களை ஒவ்வொன்றாய்க் காண்போம். இது தென்னைக்கும் பனைக்கும் உறவு. பனையைப் போல விசிறி ஓலை உடையது. ஆனால் அளவிலே பனை இதன்முன் குழந்தை. இளமரத்தின் ஓலை காம்புடன் சேர்ந்து முப்பதடி வரையில் நீளும்; அகலம் பதினைந்தடியைத் தொடும். ஓர் ஓலையின் கீழே ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம். முளைத்துப் பல்லாண்டுகள் வரையில் தண்டு தோன்றுவதில்லை. ஓலைகள் நிலத்திலிருந்தே நேரே எழுந்து நிற்கும். பூத்துக் காய்க்கும் பருவம் எய்த இருபத்தைந்து ஆண்டு ஆகும். அதற்கு மேலும் ஆகும்.

பனையிலே ஆண்பனையும் பெண்பனையும் வெவ்வேறு என்பதை நீங்கள் அறிவீர்கள். இதிலும் அப்படியே. ஆண்மரம் நூறடி வரையில் உயரும். பெண்மரம் அதனினும் தாழ்ந்து நிற்கும். காயின் பாரம் அத்துணை. ஆண்மரத்துப் பாளை ஒரு மீட்டருக்கு மேலும் நீண்டு தொங்கும். அதில் மஞ்சள் நிறச் சிறு பூக்கள் தேன்மணம் வீசப் பல்லிகளும் பூச்சிகளும் நாடி வரும். பெண்பூவோ பனைக்குடும்பம் அனைத்திலும் பெரிய பூ.

ஆணும் பெண்ணும் அணித்தே நின்றாலொழியக் காய் உண்டாவதில்லை. கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரத் தோட்டத்திலே 1894இல் நட்ட இம்மரம் ஒன்று தனித்து நின்றது. அது பெண்மரம் என்று தெரிவதற்கே பல பத்தாண்டுகள் சென்றன. பிற நாட்டிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து கையால் ஊட்டிய பின்னரே அது காய் கொண்டது. இலங்கையிலே கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவிலும் இம்மரங்களை வளர்த்துக் காக்கின்றார்கள். யாழ்ப்பாணத்து அன்பர் பலர் அவற்றை அங்குக் கண்டிருக்கக்கூடும்.

பூவிலிருந்து காய் முற்றி வீழ ஆறு ஆண்டு, ஏழு ஆண்டு செல்கின்றது. முதல் ஆண்டிலே உள்ளீடு நுங்கைப் போலக் குழைந்திருக்கும்; பின்னர் யானைத் தந்தம்போல் இறுகிவிடும். முழுக்காய் நாற்பது கிலோவையும் தாண்டும். மட்டையை நீக்கினால் உள்ளே இருக்கும் விதை இரண்டு தேங்காயை ஒட்டவைத்தாற் போன்றது. ஒருபால் பிளவு, மறுபால் இணைவு. பதினேழு பதினெட்டுக் கிலோ எடையுள்ள விதைகளை நிறுத்துக் கண்டிருக்கின்றனர். மண்ணுலகில் எந்த மரமும் இதனினும் பெரிய விதையை ஈன்றதில்லை.

வீழ்ந்த விதை உடனே முளைப்பதும் இல்லை. ஏறத்தாழ ஆறு மாதம் வாளா கிடக்கும். பின்பு இரண்டு கூறும் கூடும் இடத்திலிருந்து கயிறு போன்றதொரு கொடி புறப்படும். அது மண்ணுள் இறங்கிச் சென்று, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிக்கூட, தக்க இடம் கண்ட பின்னரே முளையை மேலே விடும். விதை ஓரிடம், கன்று வேறிடம். இரண்டிற்கும் நடுவே அக்கொடி தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள தொப்புட்கொடி போல நின்று, விதையிலுள்ள உணவைச் சில ஆண்டு வரையில் கன்றுக்கு ஊட்டும். ஊட்டி முடிந்தபின் அறும். எஞ்சி நிற்பது வெற்றோடு.

அடிமரத்தின் அமைப்பும் வியப்புக்குரியது. அது உருண்டு திரண்டு, மண்ணிலே தானே ஆக்கிக்கொண்ட ஒரு கிண்ணத்துள் பொருந்தி நிற்கும். அக்கிண்ணத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியே வேர்கள் வெளியே செல்லும். மரம் பட்டு மக்கிய பின்னும் அக்கிண்ணம் பன்னெடுங்காலம் மண்ணில் கிடக்கும். மேலே காய் ஓடு. கீழே வேரும் ஓடு.

வறிய மண்ணில் வள்ளன்மை

இத்துணைப் பெரிய காயை ஈனும் மரம் செழித்த வண்டலில் நிற்கும் என்றன்றோ நாம் எண்ணுவோம்? அதுதான் இல்லை. பிரலின் தீவின் மலைச்சரிவு மிக வறிய மண். பயிருக்கு வேண்டிய உரச்சத்து அங்கே அரிது. அங்கு நின்றுகொண்டு உலகத்துப் பெருவிதையை ஈன்றது எப்படி? இக்கேள்விக்கு 2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை கூறிற்று.

அகன்ற ஓலைகள் மடிப்பு மடிப்பாய், மழைக்குப் பிடித்த புனல் போல அமைந்துள்ளன. பெய்யும் மழை ஓலையில் விழுந்து, காம்பின் வழியே வழிந்து, அடிமரத்துக்கே சென்று சேர்கின்றது. அந்நீர் வெறுங்கையோடு செல்வதில்லை. ஆண்மரத்திலிருந்து உதிர்ந்த மகரந்தம், பறவையின் எச்சம், வாடிய பூ, தூசி ஆகிய அனைத்தையும் கழுவிக்கொண்டு வேருக்குக் கொடுக்கின்றது. அடிமரத்தை ஒட்டிய மண்ணிலே உள்ள சத்து, ஏழடி தள்ளியுள்ள மண்ணிலே உள்ளதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று அளந்து கண்டார்கள். இன்னும் கேளுங்கள். ஓலை முதிர்ந்து கழலும் முன்னர் அதிலுள்ள சத்தை மரம் தனக்குள் திரும்ப இழுத்துக்கொள்கின்றது. தன் ஓலைக்கும் தண்டுக்கும் சிக்கனமாய்ச் செலவிட்டு, சேர்த்ததிற் பெரும்பங்கைக் காய்க்கே கொடுக்கின்றது.

காய் பாரமானது; தொலைவு செல்லாது; தாய்மரத்தின் அடியிலேயே விழும். மற்ற மரங்களிலே தாய் நிழலில் விழுந்த விதை வெயிலின்றி, உரமின்றி நலிந்து போகும். இங்கேயோ தாய் தன் ஓலையால் வடித்து வைத்த மழையும் உரமும் கன்றுக்கும் உதவுகின்றன. கொடியோடு பிறக்கும் கன்று பல்லாண்டு அந்நிழலிலேயே வளர்கின்றது.

அன்பர்களே! சித்தாந்தம் பயில்வோர் திருவருளுக்குத் தாயை உவமை கூறுவர். தாய் தான் உண்டது குறைந்தாலும் சேய்க்குப் பால் குறையவிடாள். மேலும், அவள் ஊட்டுவதைச் சேய் அறியாது. மழை ஓலையில் விழுவதை நாம் காண்கின்றோம்; அது வேரிலே சென்று சேர்வதைக் காண்பதில்லை. ஏழாண்டுக்குப் பின் காய் விழும்போதே உள்ளே நடந்தது இன்னதென்று தெரிகின்றது. திருக்கோயிலிலே நாள்தோறும் வந்து நின்று, ஒன்றும் கிடைக்கவில்லையே என்று சலித்துத் திரும்புவோர்க்கு இம்மரம் ஒரு மறுமொழி சொல்கின்றது. வேரில் வந்து சேர்வதைக் கண்ணால் அளக்க முடியாது.

பிரிந்து நின்றும் பிரியா நிலை

அத்தீவினர் ஒரு கதை கூறுவர். புயல் வீசும் இரவிலே ஆண்மரங்கள் வேரைப் பறித்துக்கொண்டு நடந்து பெண்மரங்களைச் சேருமாம். அதனைக் கண்டவன் உயிர் பிழையானாம். மகரந்தம் செல்லும் வழியை அறியாத காலத்தில் மக்கள் கற்பித்துக்கொண்ட கதை. மரங்கள் நடப்பதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஒன்றையொன்று தீண்டாமலே வாழ்ந்து பயன் தருகின்றன.

தீண்டாமல் வாழ்ந்த இருவரை நாம் அறிவோம். திருநீலகண்டத்தின்மேல் மனைவியார் இட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டு, சிறிய மனையொன்றிலே தம் துணைவியாரைத் தீண்டாமல் இளமை முழுதும் கழித்தவர் அந்தக் குயவனார். அயலார் ஒருவரும் அறியாவண்ணம் இருவரும் முதுமை எய்தினர். அப்போதே இறைவன் சிவயோகியாய் வந்து ஓர் ஓட்டை அவரிடம் கொடுத்து, பொன்னினும் மணியினும் இது மேலானது, பத்திரமாய் வைத்திரு என்றான். பின் அதனைத் தானே மறைத்தான். வேறு நல்லோடு தருகின்றேன் என்றார் நாயனார், இறைவன் ஒப்பவில்லை. மனைவியைக் கைப்பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றான். மூங்கிற்கோலின் இரு தலையை இருவரும் பற்றி மூழ்கினர், இளமையோடு எழுந்தனர்.

இவ்வரலாற்றில் ஓடு எங்கே போயிற்று என்று யாரேனும் கேட்டதுண்டா? அது திரும்பிக் கிடைத்ததாக நாம் படிப்பதில்லை. கிடைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஓட்டை முன்னிட்டு, பிரிந்த இருவரைச் சேர்த்தான் இறைவன். கருவி தன் வேலையை முடித்து மறைந்தது.

மிதப்பது எது?

இப்போது நாம் உங்களிடம் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகின்றோம். உயிருள்ள கடற்றேங்காய் மிதப்பதில்லை. அதன் எடை மிகுதியால் நீரில் ஆழ்ந்துவிடும்; உப்புநீரில் கிடந்தால் உயிரையும் இழக்கும். உள்ளீடு அழுகிக் கழிந்து, உள்ளே வெறுமையான பின்னரே அது மேலெழுந்து மிதக்கும். ஆகவே மாலத்தீவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் கரையொதுங்கிய ஒவ்வொன்றும் உயிர் நீங்கிய ஓடே. அரசர் பொன்னைக் கொட்டி வாங்கியது ஓட்டை. முளைக்கக்கூடிய விதை ஒன்றேனும் தானே மிதந்து வந்து நம் கரையைச் சேர்ந்ததில்லை. சேர்ந்திருந்தால் இம்மரம் நம் நெய்தல் நிலத்திலும் நின்றிருக்கும்.

பழங்காலத்துத் துறவி அத்தகைய ஓட்டை எடுத்துக்கொண்டபோது எவருக்கும் தீங்கில்லை. மரம் அதனை இழந்து பல்லாண்டு ஆயிற்று. கடல் அதனைக் கொண்டுவந்து போட்டது. எறிந்த பொருளை எடுத்து அதில் ஏற்று உண்டான். துறவுக்கு அதைவிடப் பொருத்தமான கலம் இல்லை.

இன்று நிலைமை வேறு. அவ்வோட்டை வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும், கல்லாவில் வைத்தால் வணிகம் தழைக்கும் என்று சொல்லி விற்கின்றார்கள். உள்ளீட்டைப் பொடி செய்து மருந்தென்று விற்பாரும் பல நாடுகளில் உள்ளனர். இவ்விரண்டிற்கும் கடல் எறிந்த ஓடு போதாது. காட்டிலே விழுந்த விதையை, சில வேளை முதிராத காயையே, இரவில் புகுந்து திருடிச் செல்கின்றார்கள். ஏழாண்டு சுமந்த காய் ஓரிரவில் போய்விடுகின்றது. விதையெல்லாம் போனால் கன்று ஏது? பெருமரங்கள் நிற்கும் காட்டிலே கன்றில்லாமற் போனால் அக்காடு மகவற்ற முதியோர் வாழும் ஊர் போன்றது. காட்டுத்தீயும் அதனோடு சேர்கின்றது. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலே இம்மரத்தையும் உலக அறிஞர் சேர்த்துள்ளனர். சீசெல்சு அரசு தனிச்சட்டம் இயற்றி, முத்திரையும் உரிமைச்சீட்டும் பெற்ற விதையன்றி வேறு எதையும் விற்கலாகாது, நாட்டினின்று கொண்டுசெல்லலாகாது என்று விதித்துள்ளது.

சைவராகிய நாம் இங்கே ஒன்றைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஓடு என்பது இல்லாமையின் அடையாளம். அதனைச் செல்வம் பெருக்கும் பொருளாக வாங்கி வைப்பது எத்துணை முரண்! பட்டினத்து அடிகளும் பத்திரகிரியாரும் திருவிடைமருதூரிலே இருந்த நாளை நினைத்துப் பாருங்கள். கீழைக்கோபுர வாயிலில் அடிகள். மேலைக்கோபுர வாயிலில் பத்திரகிரியார். ஐயம் வேண்டி வந்த ஒருவரிடம், நாம் துறவி, மேலை வாயிலில் ஒரு குடும்பி இருக்கின்றான், அவனிடம் கேள் என்றார் அடிகள். அரசைத் துறந்து வந்த பத்திரகிரியாரிடம் அன்று இருந்தவை யாவை? பிச்சை ஏற்கும் ஓடு ஒன்று. உடன் திரிந்த நாய் ஒன்று. அவ்வளவே குடும்பம்! குருநாதர் சொல் செவியில் விழுந்தவுடன் அவ்வோட்டை எறிந்து உடைத்தார் என்று வரலாறு கூறுகின்றது. நாட்டைத் துறப்பதினும் ஓட்டைத் துறப்பது அரிதாய் இருந்தது. பற்று பொருளின் அளவைப் பார்ப்பதில்லை.

அங்ஙனமாக, உடைக்கத்தக்க ஓட்டை நாம் விலை கொடுத்து வாங்கிப் பூசையறையில் பூட்டி வைக்கலாமா? அதன்பொருட்டுக் கடலுக்கு அப்பால் ஒரு மரம் தன் மகவை இழக்கலாமா?

சிலர் கேட்கக்கூடும்: இது தெய்வத்தன்மை உடைய பொருளாயிற்றே, வழிபட்டால் குற்றம் என்ன? வழிபாடு குற்றமன்று. மடங்களிலும் பழைய இல்லங்களிலும் முன்னோர் விட்டுச் சென்ற கப்பரை இருக்குமானால் அதனைப் போற்றிக் காப்பது நம் கடன். புதிதாய் ஒன்றைத் தேடித் திரிதல் வேண்டா என்பதே நாம் கூறுவது. துறவிக்கு ஓடு வேண்டுமாயின் திருவோட்டு மரம் நம் ஊரிலேயே எளிதில் வளரும், ஆண்டுதோறும் காய்க்கும். அதுவும் இல்லையேல் நாயனார் வனைந்த மண்ணோடு இருக்கின்றது. தில்லைக்கூத்தன் உவந்து கையேந்தியது மண்ணோடே அன்றோ?

மரத்தைப் போற்றும் சமயம் நம் சமயம். தில்லைக்குத் தில்லைமரம், திருவானைக்காவுக்கு வெண்ணாவல், கச்சிக்கு மாமரம் என்று தலந்தோறும் ஒரு மரத்தைத் தலமரமாக வைத்து வழிபட்டனர் நம் முன்னோர். அம்மரத்தின் கீழ் இறைவன் எழுந்தருளினான் என்று கொண்டார்களே அன்றி, அம்மரத்தை வெட்டி வீட்டிற்குக் கொண்டுபோக எண்ணினார்களில்லை. நின்ற இடத்தில் நிற்கவிட்டு நாம் சென்று வலம் வருவதே மரத்துக்குச் செய்யும் வழிபாடு. பிரலின் தீவின் மரத்துக்கும் அதுவே வழிபாடு. செல்ல இயலாதவர், நம் கோயிலின் பின்புறத்திலே நிற்கும் தலமரத்தைப் பாருங்கள். அடியிலே கற்பூரம் கொளுத்தாமல், பட்டையிலே ஆணி அறையாமல், வேரைச் சுற்றிக் கல் பாவி மூடாமல், கோடையில் ஒரு குடம் நீர் வாருங்கள். அத்தொண்டு எங்கோ நிற்கும் மரத்துக்கும் சென்று சேரும்.

இன்று நாம் இடும் பிச்சை

சற்று நேரத்தில் மேளம் முழங்கப் பிச்சாடனப் பெருமான் வீதிக்கு எழுந்தருளுவான். நம் வாசல் தோறும் நிற்பான். அவன் கையிலே ஓடு இருக்கும். அவன் வேண்டுவது நம் அரிசியை அன்று. அரிசி அவன் தந்தது. நம்முடையது என்று நாம் சொல்லத்தக்கது ஒன்றே உண்டு. அது யான் எனது என்னும் செருக்கு. நெல்லுக்கு உமி போலவும் செம்புக்குக் களிம்பு போலவும் உயிரோடு ஒட்டிக் கிடப்பது அது. அதனைத் தன் ஓட்டில் இடுமாறு அவன் கேட்டு வருகின்றான். இட்டவர் உள்ளம் வெற்றோடாகின்றது. உள்ளே ஒன்றும் இல்லாத ஓடன்றோ கடலில் மிதந்தது? ஆழ்கடலைக் கடந்து கரையைச் சேர்ந்ததும் அதுவேயன்றோ? பிறவிப் பெருங்கடலும் அவ்வாறே. உள்ளே சுமை உள்ளவரையில் ஆழ்வோம், சுமை கழிந்தால் மிதப்போம்.

ஆனால் மரத்தளவில் கதை மாறும் என்பதையும் மறவாதீர்கள். அங்கே பாரமுள்ள விதையே உயிர்; அது தாயின் அடியிலே கிடந்து முளைக்க வேண்டும். அதனைக் கரையேற்ற வேண்டியவர் நாம் அல்லோம். விதை மண்ணிலே இருக்கட்டும். ஓடு இறைவன் கையிலே இருக்கட்டும். நம் கையிலே இருக்க வேண்டியது, பசித்து வருவோர் ஓட்டில் இடுவதற்கு ஒரு பிடி சோறு. இவ்விழா நாட்களில் திருக்கோயில் வாயிலிலே ஓடேந்தி நிற்பார் எத்தனையோ பேர். அவருள் எவர் அடியார், எவர் இரவலர் என்று ஆராய வேண்டா. எந்த ஓட்டுக்குப் பின்னே எவன் நிற்கின்றான் என்று தாருகாவனத்தாரும் அறியவில்லை. நாயனாரும் முதலில் அறியவில்லை.

எல்லாம் வல்ல பிச்சாடனப் பெருமான் உங்கள் அனைவர்க்கும் நம் நாட்டு மரங்களுக்கும் கடல் கடந்த தீவின் மரங்களுக்கும் தண்ணருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.